விமானத்தில் எந்த ஜன்னல் சீட்டை எடுத்தால் காட்சி நன்றாகத் தெரியும்?

ஜன்னல் சீட் கிடைத்தால் போதும் என்று எதையோ ஒன்றை எடுத்துவிட்டு, கடைசிவரை இறக்கையையே பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. பதிவு செய்யும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கினால் அந்த ஏமாற்றம் இருக்காது.

முதலில் பக்கம், வரிசை எண்ணெல்லாம் அப்புறம். விமானம் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தால் ஏ சீட் இடது ஓரம். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போல இருபுறமும் மூன்று மூன்று சீட் உள்ளவற்றில் வலது ஓரம் எஃப், பெரிய விமானங்களில் பெரும்பாலும் கே.

அடுத்து ஃபிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டுத் தேடுங்கள். முந்தைய நாட்களில் அது பறந்த பாதை வரைபடத்தில் கோடாகத் தெரியும், அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் மலையோ கடற்கரையோ இருக்கிறது என்று பாருங்கள். டெல்லியிலிருந்து காத்மாண்டு போகும்போது இமயமலை இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். மலைக்கு நேர் மேலே பறந்தால்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம், நேர் கீழே இருப்பதுதான் ஜன்னல் வழியாகத் தெரியாது! 35,000 அடி உயரத்தில் அடிவானமே சுமார் 370 கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அதனால் பாதையிலிருந்து நன்றாக விலகி இருக்கும் சிகரம்கூட, வானம் தெளிவாக இருந்தால், கண்ணில் படும்.

சரி, இப்போது சூரியன். பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். காலையில் வடக்கு நோக்கிப் பறந்தால் வெயில் வலது பக்கம் அடிக்கும், கண் கூசும், ஜன்னலில் உள்ள கீறலெல்லாம் பளிச்சிடும், படமும் வெளிறிப்போகும். உதயமோ அஸ்தமனமோ பார்க்க வேண்டுமென்றால் மட்டும் சூரியன் இருக்கும் பக்கம் போங்கள், மற்றபடி என் ஓட்டு எதிர்ப்பக்கத்துக்குத்தான். அங்கே இன்னொரு அதிசயமும் உண்டு. கீழே மேகம் இருந்தால் விமானத்தின் நிழல் விழும் இடத்தைச் சுற்றி, உள்ளே நீலமும் வெளியே சிவப்புமாக ஒரு சின்ன வண்ண வட்டம் கூடவே ஓடி வரும். அதை வெயில் பக்கம் உட்கார்ந்தவர்கள் பார்க்கவே முடியாது.

இப்போது வரிசை. சீட் வரைபடத்தில் இறக்கை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு மூன்று வரிசையாவது முன்னால் எடுங்கள். முன்னால் கிடைக்காவிட்டால் நன்றாகப் பின்னால் போய்விடுங்கள், ஆனால் அங்கே எஞ்சினின் சூடான காற்று வழியாகப் பார்க்கும்போது தரை கானல் போல நெளியும். ஏடிஆர் 72 போன்ற சின்ன விமானங்களில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே மறைப்பது குறைவு, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேராக உள்ள வரிசைகளை மட்டும் தவிர்த்தால் போதும்.

இன்னொன்று, ஜன்னல் சீட் என்று போட்டிருந்தாலும் சில இடங்களில் வெறும் சுவர்தான் இருக்கும். போயிங் 737 ரகங்களில் இறக்கைக்குச் சற்று முன்னால் ஏசி குழாய் சுவருக்குள் மேலேறும் இடத்தில் ஜன்னலே கிடையாது. ஏரோலோபா தளத்தின் சீட் வரைபடங்களில் ஜன்னல்கள் எங்கே வருகின்றன என்பதையும் பார்க்கலாம்.

தரையிறங்கும்போது நகரம் எந்தப் பக்கம் வரும் என்பதை மட்டும் முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது, காற்று வீசும் திசையைப் பொறுத்து ஓடுபாதையில் இறங்கும் திசை மாறும்.

செக்-இன் செய்யும்போது சீட்டை மறுபடி ஒருமுறை பாருங்கள். விமான ரகத்தை மாற்றியிருந்தால் அதே வரிசை எண் இறக்கைக்கு மேலே போயிருக்கலாம்.