உபுண்டு, விண்டோஸ், மேக்: மூன்றிலும் திறக்கும் ஒரே பூட்டிய பெட்டகம்

எங்கள் வீட்டு மனைப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றின் ஸ்கேன் பிரதிகளை மூன்று கணினிகளில் திறக்க வேண்டியிருந்தது. என்னுடையது உபுண்டு (லினக்ஸ் வகைகளில் ஒன்று), அக்காவுடையது விண்டோஸ், தம்பியுடையது மேக். விண்டோஸின் பிட்லாக்கர், மேக்கின் ஃபைல்வால்ட், லினக்ஸின் லக்ஸ் ஆகிய மூன்றுமே நல்ல பூட்டுகள்தாம். ஆனால் ஒன்று போட்ட பூட்டை மற்றொன்று எளிதில் திறக்காது. ஆகவே மூன்றிலும் இயங்கும் இலவச மென்பொருளான வெராகிரிப்டைத் தேர்ந்தெடுத்தேன். 2014இல் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்டின் நிரலிலிருந்து வளர்ந்தது இது.

ஒரே ஒரு முறை அனுப்பினால் போதும் என்றால் இவ்வளவு தேவையில்லை. கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப் மென்பொருளில் 7இசட் வடிவத்தைத் தேர்ந்து, கடவுச்சொல் கொடுத்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் பெட்டியில் டிக் செய்யுங்கள். ஜிப் வடிவத்தின் பழைய ஜிப்கிரிப்டோ முறை வலுவற்றது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 1: பென் டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பமைப்பில் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு அதில் ஏறாது. என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், ஆனால் தானாக எழுதாது.

படி 2: வெராகிரிப்டில் 'கிரியேட் வால்யூம்' அழுத்தி, கோப்பு வடிவப் பெட்டகத்தை (பல கோப்புகளை உள்ளே பூட்டி வைக்கும் ஒரே கோப்பு) தேர்ந்து, அதைப் பென் டிரைவில் சேமியுங்கள். பூட்டும் முறைகளாக முன்பே தேர்வாகியிருக்கும் ஏஇஎஸ், எஸ்ஹெச்ஏ-512 ஆகியவற்றை மாற்ற வேண்டாம். கடவுச்சொல் 20 எழுத்துகளுக்குக் குறையாமல், ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்டதாக இருக்கட்டும். குறியீடுகள் விசைப்பலகைக்கு விசைப்பலகை இடம் மாறும்.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். பென் டிரைவுக்கு ஒரு கோப்பமைப்பு இருப்பதுபோல, பெட்டகத்தின் உள்ளேயும் தனியாக ஒரு கோப்பமைப்பு உண்டு. உபுண்டுவில் வந்த பட்டியலில் எக்ஸ்ஃபேட் இல்லாததால், லினக்ஸின் கோப்பமைப்பான எக்ஸ்ட்4 என்பதை நான் தேர்ந்துவிட்டேன். விண்டோஸ் அதைத் தானாகப் படிக்காது. அக்கா சரியான கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்ததும், 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்ற பொருளில் விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டியது. நல்லவேளையாக அவர் எதையும் அழுத்தாமல் என்னை அழைத்தார். ஒப்புக்கொண்டிருந்தால் உள்ளே இருந்த ஸ்கேன்கள் அனைத்தும் போயிருக்கும். எக்ஸ்ஃபேட்ப்ராக்ஸ் என்ற தொகுப்பை லினக்ஸில் நிறுவிவிட்டு வெராகிரிப்டை மீண்டும் திறந்தால், பட்டியலில் எக்ஸ்ஃபேட் வந்துவிடும். விண்டோஸில் உருவாக்குவோரும் என்டிஎஃப்எஸ் தேர்வாகியிருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: மேக்கில் வெராகிரிப்டுக்கு ஃபியூஸ் என்ற துணை மென்பொருள் வேண்டும். அதன் ஒரு வகையான மேக்ஃபியூஸை நிறுவ, புதிய மேக்குகளில் பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்த வேண்டியிருக்கும். ஆகவே அது தேவைப்படாத மற்றொரு வகையான ஃபியூஸ்-டி கொண்டு இயங்கும் வெராகிரிப்ட் பதிப்பையே நான் பரிந்துரைக்கிறேன்.

படி 5: வேலை முடிந்ததும் முதலில் பெட்டகத்தை வெராகிரிப்டில் மூடி, பிறகு பென் டிரைவை வெளியேற்றுங்கள். மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் வசதி எக்ஸ்ஃபேட்டில் இல்லாததால், அவசரமாகப் பிடுங்கினால் கோப்புகள் கெடக்கூடும்.

கோப்புப் பெயர்களைத் தமிழில் வைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் ப்ளஸ் கோப்பமைப்பு, 'கொ' என்பதிலுள்ள உயிர்க்குறியை ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து வரும் பெயர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், லினக்ஸ் அதை வேறு பெயராகவே எடுத்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை: பெட்டகத்தை மேகச் சேமிப்பில் வைத்தால் மாற்றங்கள் மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பெட்டகக் கோப்பின் திருத்த நேரத்தை மாற்றாமல் காப்பது வெராகிரிப்டின் இயல்பு. அதனால் கோப்பு மாறியதை ஒத்திசைவு மென்பொருள் அறியாமல் போகலாம். 'பிரிஃபரன்ஸஸ்' பகுதியில் அந்தத் தேர்வை நீக்கிவிடுங்கள். அதன் பிறகும், ஒருவர் பெட்டகத்தை மூடி, அது முழுவதும் ஏறி முடிந்த பின்னரே அடுத்தவர் திறக்க வேண்டும்.