பழைய வேர்ட்பிரஸ் தளத்தை உடைக்காமல் புதுப்பிப்பது எப்படி?

ஆம்பூரில் செருப்புக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் கூப்பிட்டார். கடையின் இணையதளத்தில் விசாரணைப் படிவத்தை நிரப்பினால் மெயில் வருவதில்லையாம். திறந்து பார்த்தேன். பக்கத்தின் அடியில் ‘ஆம்பூர், வேலூர் மாவட்டம்’ என்று இருந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது 2019 நவம்பர் 28இல். அதற்குப் பிறகு அந்தத் தளத்தை யாரும் தொடவில்லை என்று உள்ளே போகாமலே தெரிந்துவிட்டது. உள்ளே தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 4.9, அதற்குக் கீழே அது ஓடுவதற்கான நிரல்மொழியான பிஎச்பி 5.6, கூடுதல் வசதிகளுக்காகச் சேர்க்கும் பிளகின்கள் பதினான்கு.

“ஓடுற வண்டிய எதுக்கு நோண்டணும் தம்பி? மெயில மட்டும் சரி பண்ணிக் குடுங்க” என்றார் பாய். நியாயமான கேள்விதான். வேர்ட்பிரஸ் 4.9 வெளிவந்தது 2017 நவம்பரில். அதற்கான சின்னச் சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் அதன்பிறகும் தானாகவே இறங்கிக்கொண்டுதான் இருந்தன. 4.9இல் பிளகின்களுக்கு அந்த வசதி இல்லை, யாராவது உட்கார்ந்து அப்டேட் செய்தால்தான் உண்டு. பிஎச்பி 5.6க்கோ 2018 டிசம்பரோடு பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோனது. முன்கதவுக்குப் பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருப்பதுபோல. திருடன் கொல்லைப்புறமாகத்தான் வருவான்.

அதற்காக, தளத்தை நிர்வகிக்கும் திரையான டேஷ்போர்டில் தெரியும் அப்டேட் பட்டனை உடனே அழுத்திவிடாதீர்கள். நான் ஒருமுறை அழுத்தியிருக்கிறேன். தளம் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத்திரை. தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்காரர் ‘தினமும் பேக்கப் எடுக்கிறோம்’ என்று சொல்லியிருந்தார். கேட்டு வாங்கிப் பார்த்தால் ஃபைல்கள் மட்டும் இருந்தன, எழுதியதும் அமைப்புகளும் சேரும் டேட்டாபேஸ் இல்லை. அந்த ராத்திரிக்குப் பிறகுதான் கீழே சொல்லும் வரிசை எனக்குப் பழக்கமானது.

1. இருப்பதை எழுதி வையுங்கள்

ஒரு தாளில் வேர்ட்பிரஸ் பதிப்பு, பிஎச்பி பதிப்பு, தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் பெயர், ஒவ்வொரு பிளகினும் எதற்கு என்று எழுதுங்கள். எதற்கென்றே தெரியாத பிளகின் நிச்சயம் இரண்டு மூன்று இருக்கும். பாயின் தளத்தில் இருந்த பதினான்கில் ஐந்து வேலையே செய்யாமல் கிடந்தன.

டேஷ்போர்டின் பொது அமைப்புகளில் நிர்வாகியின் மெயில் முகவரி யாருடையது என்றும் பாருங்கள். பெரும்பாலும் முன்பு தளம் செய்து கொடுத்தவருடையதாக இருக்கும். தளம் விழுந்தால் மீட்பதற்கான லிங்கை வேர்ட்பிரஸ் 5.2 முதல் அந்த முகவரிக்குத்தான் அனுப்புகிறது.

2. பேக்கப்

பேக்கப் என்றால் இரண்டு பொருள்கள். ஒன்று, தளத்தின் ஃபைல்கள் மொத்தமும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் திரையான சிபேனலின் ஃபைல் மேனேஜரில் அவற்றை ஜிப்பாகக் கட்டி இறக்கிக்கொள்ளலாம். இன்னொன்று டேட்டாபேஸ். டேட்டாபேஸைக் கையாளும் கருவியான பிஎச்பி மைஅட்மினில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரே ஃபைலாக வரும். படங்கள் முதலாவதில் இருக்கும், எழுத்துகள் இரண்டாவதில். ஒன்று குறைந்தாலும் தளத்தை எழுப்ப முடியாது.

இரண்டையும் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்குங்கள். அதே சர்வரில் வைத்திருக்கும் பேக்கப், வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியதுபோல. ஜிப்பை ஒருமுறை திறந்தும் பாருங்கள். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் இந்த வேலை வேண்டாம். டவுன்லோடு பாதியில் அறுந்தால் ஃபைல் முழுசா அரையா என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

3. ஒரு நகல் தளம்

என்னைக் கேட்டால் முக்கால்வாசி நேரத்தை இதற்குத்தான் செலவிட வேண்டும். அதே ஹோஸ்டிங்கில் ஒரு துணை டொமைன் (உங்கள் தள முகவரிக்கு முன்னால் இன்னொரு சொல் சேர்ந்த முகவரி) உருவாக்கி, இறக்கிய ஃபைல்களை அதில் ஏற்றுங்கள். புதிதாக ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி, எக்ஸ்போர்ட் செய்ததை அதில் இம்போர்ட் செய்யுங்கள். பிறகு டேட்டாபேஸ் விவரங்கள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலில் புது டேட்டாபேஸின் பெயர், பயனர், கடவுச்சொல் மூன்றையும் மாற்றுங்கள். இதை மறந்தால் நகல் தளம் அசல் டேட்டாபேஸில் போய் எழுதும். நகல் எழுந்து நின்றால் பேக்கப் நல்ல பேக்கப் என்பதும் உறுதியாகிவிடும்.

அடுத்து, டேட்டாபேஸில் இருக்கும் தளத்தின் பழைய முகவரியைப் புதியதாக மாற்ற வேண்டும். டேட்டாபேஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து மொத்தமாக மாற்றினால் விட்ஜெட்டுகளும் (பக்க ஓரத்திலும் அடியிலும் வரும் பெட்டிகள்) தீம் அமைப்புகளும் காணாமல் போகலாம். அந்த அமைப்புகளை வேர்ட்பிரஸ் சேமிக்கும்போது, ஒவ்வொரு சொற்றொடரும் எத்தனை பைட் நீளம் என்ற எண்ணையும் பக்கத்திலேயே எழுதி வைக்கிறது. முகவரியின் நீளம் மாறி, எண் மாறாமல் இருந்தால் அதைப் படிக்க முடியாமல் விட்டுவிடும். பெட்டர் சர்ச் ரீப்ளேஸ் என்ற இலவச பிளகின் அந்த எண்ணையும் சேர்த்தே திருத்தும். முதலில் டபிள்யூபி-கான்ஃபிக்கில் தளத்தின் முகவரியாகத் துணை டொமைனைக் கொடுத்தால்தான், நகலின் டேஷ்போர்டுக்குள் போய் அதை நிறுவ முடியும்.

இனி தமிழ்ப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பழைய டேட்டாபேஸ் தப்பான எழுத்துக் குறியீட்டில் இருந்தால், எக்ஸ்போர்ட் இம்போர்ட்டில் தமிழ் சிதைந்துவிடும். புரியாத கிறுக்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் அந்த நகலில் எழுத்தே போய்விட்டது. அசலில் இருந்து சரியான குறியீட்டோடு மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

நகலைத் தேடுபொறிகள் பட்டியலிடாதபடி வாசிப்பு அமைப்பில் தடுத்துவிடுங்கள்.

4. ஏற்கெனவே யாராவது உள்ளே இருக்கிறார்களா?

அப்டேட் செய்தால் ஓட்டை அடைபடும். அதற்கு முன்பே உள்ளே வந்தவன் வெளியே போக மாட்டான். பயனர் பட்டியலில் தெரியாத நிர்வாகி இருக்கிறாரா பாருங்கள். படங்கள் சேரும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி ஃபைல்களைத் தேடுங்கள். அங்கே அவற்றுக்குப் பெரும்பாலும் வேலையே கிடையாது. ஏதாவது கிடைத்தால் சுத்தம் செய்த பிறகுதான் அடுத்த படி.

5. எந்த வரிசையில் ஏற்றுவது?

எல்லாம் நகலில்தான். வேர்ட்பிரஸ் 6.3 முதல் பிஎச்பி 5.6 செல்லாது, 6.6க்குக் குறைந்தது 7.2.24 வேண்டும். 4.9 இருக்கும்போதே நேராகப் பிஎச்பி 8க்குத் தாவினாலும் பிழைகள் கொட்டும். அதனால் இடையில் ஒரு படிக்கட்டு: பிஎச்பியை முதலில் 7.4க்கு மாற்றுங்கள்.

பிறகு பிளகின்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வேர்ட்பிரஸை ஏற்றுங்கள். அப்புறம் தீம். தீமின் ஃபைல்களுக்குள்ளேயே யாராவது கைவைத்துத் திருத்தியிருந்தால் அப்டேட்டில் அத்தனையும் அழியும், எனவே பழைய ஃபோல்டரைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்து பிளகின்களை அப்டேட் செய்து ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு முறையும் தளத்தைத் திறந்து பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் எது உடைத்தது என்று உடனே தெரியும். எல்லாம் ஓடினால் கடைசியாகப் பிஎச்பி 8.

வெள்ளைத்திரை வந்தால் பயப்பட வேண்டாம். ஃபைல் மேனேஜரில் பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றினால் எல்லா பிளகின்களும் ஒரே நேரத்தில் அணைந்துவிடும். தளம் திரும்பி வந்தால் குற்றவாளி அதற்குள்தான் இருக்கிறான். ‘பராமரிப்பில் உள்ளது’ என்ற செய்தி போகாமல் அப்படியே நின்றால், முதன்மை ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மெயின்டனன்ஸ் ஃபைலை நீக்குங்கள்.

ஒரு விஷயம்: 2018 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 5.0இல் எழுதும் திரையே மாறிவிட்டது. கடையில் படம் ஏற்றும் பையன் மிரண்டுபோவான். கிளாசிக் எடிட்டர் பிளகினைப் போட்டால் பழைய திரை கிடைக்கும்.

6. அசலில்

நகலில் செய்ததைக் குறிப்பெடுத்து, அதே வரிசையில் அசலில் செய்யுங்கள். ஆர்டர் வராத தளமாக இருந்தால் நகலையே அசலின் இடத்தில் வைக்கலாம். ஆர்டர் வரும் தளத்தில் கூடாது. நீங்கள் நகல் எடுத்த பிறகு வந்த ஆர்டர்கள் அழிந்துவிடும். தொடங்குமுன் புதிதாக ஒரு பேக்கப். நான் விடியற்காலை நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். முடிந்ததும் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, நகல் தளத்தை அழித்துவிடுங்கள். மறந்துபோன நகலும் ஒரு கொல்லைப்புறம்தான்.

பாயின் மெயில் பிரச்சினை? படிவம் சர்வரிலிருந்து நேராக அனுப்பிய மெயில்கள் ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தன. மெயில் கணக்கு வழியாக அனுப்ப உதவும் எஸ்எம்டிபி பிளகின் ஒன்றைப் போட்டுக் கடையின் மெயில் கணக்கோடு இணைத்தேன், பத்து நிமிட வேலை. மாவட்டத்தையும் மாற்றிவிட்டுப் பாய்க்குக் காட்டினேன். “திருப்பத்தூரா?” என்று கொஞ்ச நேரம் பார்த்தவர், “வேலூர்னே போடுங்க தம்பி, வெளியூர்க்காரனுக்கு அதுதான் தெரியும்” என்றார். கடைசியில் ‘வேலூர் அருகில்’ என்று ஒரு வரி சேர்த்தோம்.