பழைய பெட்ரோல் இன்ஜின்: வயதைப் படிப்பதும் ஓடவைப்பதும்

நூறு வயது ஸ்டேஷனரி இன்ஜின் (வண்டியை ஓட்டாமல் ஒரே இடத்தில் நின்று வேலை செய்வது) கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது வயர் பிரஷ்ஷை. தயவுசெய்து அதைக் கீழே வையுங்கள். துருவோடு சேர்ந்து பழைய பெயின்ட், மங்கிய எழுத்து, தட்டு இருந்த இடத்தின் தடம் எல்லாம் போய்விடும். வயதைச் சொல்வதே அவைதான். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். வார்ப்பு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பழைய கேஸ்கெட்டிலும் பேக்கிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, நனைத்துவிட்டுத்தான் சுரண்ட வேண்டும்.

நேம் பிளேட்டில் சீரியல் நம்பர் இருந்தால் வேலை முடிந்தது என்பார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை. பழைய மாதிரியில் புதிதாக அடித்த பித்தளைத் தட்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ரிவெட் மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். சில கம்பெனிகள் கிராங்க் ஷாஃப்டின் முனையிலும் அதே நம்பரைக் குத்தியிருக்கும். கிரீஸைத் துடைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால், அப்புறம் அந்தக் கம்பெனியின் சீரியல் பட்டியலைத் தேடலாம்.

தட்டில் பேட்டன்ட் தேதிகள் இருந்தால் கடைசித் தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1911 என்றிருந்தால் இன்ஜின் அதற்கு முன்னால் வந்திருக்காது, அவ்வளவுதான். விற்பவர்கள் அதையே பிறந்த வருடமாக்கிவிடுவார்கள்.

கம்பெனியின் பெயரும் ஒரு எல்லையைக் காட்டும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் உருவானதே 1902இல். அதன் எம் வகை 1917 முதல் 1937 வரை வந்தது. வாட்டர்லூ கம்பெனியை ஜான் டியர் வாங்கியது 1918இல். ஜான் டியரின் இ வகை 1923இல் தொடங்கி 1946 வரை போனது. ஃபேர்பேங்க்ஸ் மோர்ஸின் இசட் 1914இல் வந்தது. இங்கிலாந்தின் லிஸ்டர் டி 1926இல் வந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் விற்றது. ஆகவே உருவத்தை மட்டும் பார்த்து வருடம் சொல்கிறவரிடம் ஜாக்கிரதை.

ஸ்பார்க் தரும் ஏற்பாட்டையும் பாருங்கள், ஆனால் அது பொய் சொல்லும். ஆரம்ப காலத்தில் சூடான குழாய், பிறகு பேட்டரியும் காயிலும் வைத்த இக்னைட்டர் (சிலிண்டருக்குள் இரண்டு பாயின்ட் பிரியும்போது பொறி தருவது), அப்புறம் பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ என்று பொதுவாக வரிசை போகும். ஆனால் விவசாயிகள் பழைய இன்ஜினில் புது மேக்னெட்டோவை மாட்டியிருப்பார்கள். பயன்படாத போல்ட் ஓட்டை, அடைத்த துளை இருந்தால் மாற்றம் நடந்திருக்கிறது. வெப்ஸ்டர் மேக்னெட்டோவானால் அதன் பிராக்கெட் எண்ணே அது எந்த இன்ஜினுக்குச் செய்யப்பட்டது என்று காட்டிக்கொடுக்கும்.

சரி, இனி ரிப்பேர். முதலில் தண்ணீர் நிற்கும் ஹாப்பரைப் பாருங்கள். குளிரில் உறைந்து வெடித்திருந்தால் அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். பிறகு ஃப்ளைவீலின் நடுக்குடம். வீலை ஷாஃப்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்த வீலைச் சுழற்றவே கூடாது.

பெரும்பாலும் பிஸ்டன் இறுகிப்போயிருக்கும். இங்கேதான் பொறுமை வேண்டும். ஏடிஎஃப் எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றுவது) அசிட்டோனும் சம அளவில் கலந்து, படுத்திருக்கும் சிலிண்டரின் இரண்டு பக்கமும் ஊற்றுங்கள். ஹெட் பக்கம் மட்டும் ஊற்றினால் பாதிதான் நனையும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அருகில் நெருப்பு கூடாது. நாட்கணக்கில், தேவைப்பட்டால் வாரக்கணக்கில், ஊற்றிக்கொண்டே இருங்கள். ஃப்ளைவீல் ஆரத்தில் கடப்பாரையை மாட்டி நெம்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கொலை. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். கனெக்டிங் ராடைக் கழற்றி, பிஸ்டன் தலையில் உருண்டையான கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். நாலைந்து தட்டு, பிறகு மறுபடி எண்ணெய். அசையவில்லையா? ஹெட் கழலும் வகையானால், சிலிண்டர் வாயில் தடித்த இரும்புத் தகடு பூட்டி, அதில் கிரீஸ் நிப்பிள் வைத்து கிரீஸ் கன்னால் அழுத்தலாம். கிரீஸ் சுருங்காததால் பிஸ்டன் நகர்ந்த உடனே அழுத்தம் இறங்கிவிடும். காற்றழுத்தம் அப்படியல்ல, அது பிஸ்டனைக் குண்டு மாதிரி வீசும், அதனால் கம்ப்ரஸர் பக்கமே போகாதீர்கள்.

புது பிஸ்டன் ரிங் போட்டால் அதன் வாய் இடைவெளி, சிலிண்டர் துளை விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 3 முதல் 4 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை.

இக்னைட்டருக்கு ஒரு சின்ன பல்பும் பேட்டரியும் போதும். பாயின்ட் மூடினால் எரிய வேண்டும், திறந்தால் அணைய வேண்டும். எப்போதும் எரிந்தால் மைக்கா வாஷரில் கரி படிந்து கரன்ட் கசிகிறது. வெப்ஸ்டர் குறைந்த வோல்டேஜில் இக்னைட்டருக்கு வேலை செய்வது. வைகோ இகே என்ற மேக்னெட்டோ ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருவது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அப்படியே வைக்க முடியாது.

டேங்க் அடியில் இருந்தால் குழாயில் ஒரு செக் வால்வு இருக்கும். அதில் தூசி அடைந்தால் பெட்ரோல் திரும்ப இறங்கிவிடும். ஸ்டார்ட் ஆகாததற்குப் பலமுறை இதுதான் காரணம். இன்டேக் வால்வு பல மாடல்களில் உறிஞ்சும் சக்தியால் மட்டுமே திறக்கும், அதனால் கடையில் கிடைத்த ஸ்பிரிங்கை மாட்டாதீர்கள். கெட்டியாக இருந்தால் கலவை போகாது. தளர்வாக இருந்தால், எக்ஸாஸ்ட் திறந்து சும்மா சுழலும் நேரத்திலும் பெட்ரோலை இழுக்கும்.

ஸ்டார்ட் செய்யும்போது ஸ்பார்க்கைத் தாமதத்தில் வையுங்கள், பெட்ரோல் அளவைத் திருத்தும் நீடிலை ஒரு சுற்று திறங்கள், கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றாமல் மற்ற விரல்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓடிய பிறகு ஸ்பார்க்கை முன்னே தள்ளுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடி பிடித்துவைக்கும் ஹிட் அண்ட் மிஸ் வகை, சுமை இல்லாமல் ஒருமுறை வெடித்துவிட்டுப் பல சுற்று சும்மா சுழல வேண்டும். ஒவ்வொரு முறையும் வெடித்தால் பேரிங் இறுக்கமா, ஸ்பார்க் தாமதமா, கலவை மெலிந்திருக்கிறதா என்று அதே வரிசையில் பாருங்கள். பிடிக்க வேண்டிய கவர்னர் வழுக்கினால் பிடிக்கும் கொக்கியான லாட்ச்சின் முனை மழுங்கியிருக்கும். அதை நேராகத் தீட்டுங்கள்.