பிளவு உதட்டுச் சிகிச்சையில் மூக்கின் குருத்தெலும்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன், தொண்டி எனக் கடலோர ஊர்களிலிருந்து வரும் பிளவு உதட்டுக் குழந்தைகளை இளம் அறுவை மருத்துவர்களோடு சேர்ந்து பார்க்கும்போது, என் பயிற்சிக் காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் திரும்ப நிகழ்வதைக் காண்கிறேன். அறுவைக்கு வேண்டிய எடை, ஹீமோகுளோபின், தையல் நூல் ஆகியவற்றைப் பாடநூலே சொல்லிவிடும்; நான் இங்கே சொல்வது அந்தப் பிழைகளை.

வளரும் நடுச்சுவரை வெட்டி எடுத்தல்

ஒருபக்கப் பிளவில் உதட்டுத் தசையின் இழுப்பு சமமாக இல்லாததால், மூக்கு நடுச்சுவரின் முன்முனை பிளவில்லாத பக்கம் சாய்ந்துவிடுகிறது. மூச்சடைப்பு என்று வரும் பள்ளிச் சிறுவனின் கோணிய குருத்தெலும்பைப் பெரியவர்களுக்குச் செய்வதுபோல் துண்டாக வெட்டி எடுப்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு. இந்தக் குருத்தெலும்பே நடுமுகத்தை முன்னோக்கித் தள்ளுகிறது என்று 1950களில் உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஸ்காட் கூறினார். சுற்றியுள்ள உறுப்புகளின் செயல்பாட்டையே அது பின்தொடர்கிறது என்று 1960களில் மற்றோர் உடற்கூறியலாளர் மெல்வின் மாஸ் மறுத்தார். எவர் பக்கம் நின்றாலும், மூக்கின் முதுகைத் தாங்கும் தூண் அதுதான்.

வெளியூரில் எட்டு வயதில் அவ்வாறு வெட்டப்பட்ட ஒரு சிறுவன் பதின்மவயதில் என்னிடம் வந்தபோது, மூக்குத்தண்டில் நிற்காத மூக்குக்கண்ணாடி நுனிக்கு நழுவிக்கொண்டே இருந்தது. விரலால் அழுத்தினால் தண்டு எதிர்ப்பின்றி அமிழ்ந்தது. அவனது மேல்தாடை பின்தங்கியதற்கு அண்ணப் பிளவை மூடிய தழும்பும் காரணமாக இருக்கலாம், ஆனால் அந்தப் பள்ளம் கத்தியால் வந்தது. விலா எலும்புக் குருத்தெலும்பை எடுத்து அதைச் சீரமைக்க வேண்டியிருந்தது. குழந்தையில் முன்முனையை அடிப்பிடிப்பிலிருந்து விடுவித்து, குருத்தெலும்பின் மேலுறையைக் கிழிக்காமல் நடுக்கோட்டில் நிறுத்தித் தைத்தால் போதும். மற்றவை முகவளர்ச்சி முடியும்வரை காத்திருக்கட்டும்.

“மூன்று மாதம் கழித்து வாருங்கள்”

பிறந்த குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோரிடம் இப்படிச் சொல்லி அனுப்புகிறோம். உதட்டு அறுவைக்கு அந்தக் கணக்கு சரி, மூக்குக்குச் சரியில்லை. பிறந்த முதல் சில வாரங்களில், தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் எஞ்சியிருப்பதால் குருத்தெலும்பு இளகியிருக்கிறது என்று கருதப்படுகிறது. வாயினுள் பொருத்தும் அச்சுத் தகடும் பிளாஸ்திரியும் கொண்டு நாசியை உயர்த்த அதுவே தக்க காலம். நாற்பது நாள் கழியட்டும் என்று தயங்கும் பாட்டிமாரிடம் இதைப் பொறுமையாக விளக்க வேண்டும். உப்புக்காற்றின் ஈரத்தில் பிளாஸ்திரியின் ஓரம் விரைவில் தூக்கிக்கொள்ளும். கன்னத்தை உலரத் துடைத்தபின் ஒட்டுவதைத் தாய்க்குச் செய்து காட்டுங்கள்.

கிரகணத்தின் மேல் பழி

பிளவுக்குக் கிரகணம் காரணமன்று; அந்தப் பேச்சைத் தாயின் முன்னால் எடுக்க விடாதீர்கள்.

தோலை மட்டும் தைத்தல்

வாயைச் சுற்றியுள்ள வளைதசையைச் சேர்க்காத தையல், நிமிர்த்திய நடுச்சுவரை மறுபடியும் பழைய பக்கத்துக்கே இழுக்கும்.