மலையேறி வந்து எந்தக் கடையில் சாப்பிடலாம்?

சீசனில் குன்னூருக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் "இங்க எந்தக் கடைல நம்பிச் சாப்பிடலாம்?" என்று கேட்பார்கள். கேட்ட கையோடு போனில் 4.5 நட்சத்திரம் வாங்கிய கடை ஒன்றையும் காட்டுவார்கள். அந்த நட்சத்திரத்தில் பாதி, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தேயிலைத் தோட்டத்துக்கு விழுந்தது. சமையல்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு யாரும் போட்டதில்லை.

சுத்தத்துக்கென்றே தனி மதிப்பீடு இருக்கிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தருவது, 1 முதல் 5 வரை சிரித்த முகங்கள். தணிக்கைக்கு ஆள் வந்து பார்த்துப் போடுவது என்பதால் அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் கடைக்காரராக விருப்பப்பட்டுக் கேட்டால்தான் வருவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சி அதிகாரியே வந்து 0 முதல் 5 வரை போட்டுவிட்டுப் போவார், வேல்ஸில் அதைக் கடை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும். நம்மூரில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் முகங்கள் ஒட்டியிருந்தால் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள், ஒட்டாத கடையெல்லாம் அழுக்கு என்று முடிவு கட்டாதீர்கள்.

எல்லாக் கடையிலும் இருக்க வேண்டியது எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண். சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் அச்சிட வேண்டும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சின்னக் கடைகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. ஃபாஸ்காஸ் (FoSCoS) என்கிற எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம இணையதளத்தில் எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, எந்த விலாசம் என்று தெரிந்துவிடும். ஒருமுறை சும்மா போட்டுப் பார்த்தேன், நான் டீ குடித்துக்கொண்டிருந்த கடையின் எண் சமவெளியில் ஏதோ ஒரு ஊர் விலாசத்தைக் காட்டியது. டீ என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

சரி, எண் சரியாக இருக்கிறது. அப்புறம் தண்ணீரைப் பாருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அதனால் மேஜையில் வைக்கிற ஜக்கைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், கிருமி சாக அது தாராளம். சிக்கல் அதற்குப் பிறகுதான்: கூட்டம் அதிகமானால் கொதித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீரைக் கலந்து வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து வைப்பார்கள், குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று நாமும் மடக்கென்று குடித்துவிடுவோம். நாக்கைச் சுடுகிற தண்ணீராகக் கேளுங்கள். இல்லையென்றால் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்து வாட்டர் ஏடிஎம் என்கிற குடிநீர் எந்திரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

"குளிர் ஊருதானே, வெளியிலேயே இருந்தாலும் கெடாது" என்று சொல்கிற கடையில் மட்டும் உட்காராதீர்கள். மே மாதப் பகலில் ஊட்டியே 20 டிகிரியைத் தாண்டும், அடுப்பு எரிகிற சமையல்கட்டு இன்னும் சூடு. சமைத்த சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் இருக்கணும், இல்லை 5 டிகிரிக்குக் கீழே இருக்கணும், இடையில் கிடந்தால் கிருமி பெருகும். பிரியாணியில் ஆவி வரவில்லையா, திருப்பி அனுப்புங்கள், கூச்சமே வேண்டாம். இங்கே தட்டில் போட்டதும் ஆறிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அடியில் கிளறினால் சூடு தெரியும்.

பார்சல் வாங்கினால் பஜ்ஜியையோ வர்க்கியையோ செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்க விடாதீர்கள், மசி உணவில் ஒட்டும். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டது. தடை இருக்கிறதோ இல்லையோ, மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க மனசில்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஏதாவது ஆகிவிட்டால் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. சாப்பாட்டின் படம், பில்லின் படம், சாப்பிட்ட நேரம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பில்லைக் கசக்கி எறிந்துவிட்டு வந்து என்னிடம் புலம்பினால் நான் என்ன செய்ய?