பணியின்போது ஊசி குத்திவிட்டால்: எச்.ஐ.வி. தொற்றைத் தவிர்க்க என்னென்ன செய்ய வேண்டும்?

மருத்துவமனையில் புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியர், பயிற்சி மருத்துவர், ஆய்வக நுட்பநர், தூய்மைப் பணியாளர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி நம் விரலில் குத்திவிட்டால் அடுத்த இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஆபத்தின் அளவைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பு மருந்து எடுக்காத நிலையிலும், தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடுதான், அதாவது ஆயிரம் ஊசிக்குத்துகளில் மூன்று. கண்ணிலோ வாயிலோ இரத்தம் தெறித்தால் அது 0.09 விழுக்காடு. காயம் ஆழமாக இருப்பது, ஊசியில் இரத்தம் கண்ணுக்குத் தெரிவது, அந்த ஊசி சற்றுமுன் நோயாளியின் இரத்த நாளத்துக்குள் இருந்தது, நோயாளியின் நோய் முற்றியிருப்பது ஆகியவை இந்த வாய்ப்பைக் கூட்டும். வியர்வை, கண்ணீர், சிறுநீர், உமிழ்நீர் ஆகியவற்றில் இரத்தம் கலந்திராவிட்டால் அஞ்சத் தேவையில்லை. உண்மையில், தடுப்பூசி போடாத பணியாளர் எச்.ஐ.வி.யைவிட ஹெபடைடிஸ் பி-க்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும், ஏனெனில் கல்லீரலைத் தாக்கும் அந்த வைரஸ் 30 விழுக்காடு வரை தொற்றக்கூடியது.

பணிக்குச் சேர்ந்த வாரத்திலேயே செய்ய வேண்டியவை

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள்; உரிய இடைவெளியில் மூன்று தவணைகளையும் முடித்து, கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதங்கள் கழித்து எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் மாத்திரை உங்கள் மருத்துவமனையில் எங்கே இருக்கிறது, இரவுப் பணியில் அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். சற்று அதிகப்படியாகத் தோன்றினாலும் இந்தச் சாவி விசாரணையை நான் வற்புறுத்துவேன், ஏனென்றால் நள்ளிரவில் ஊசிக்குத்துப் பட்டவர் மருந்துக்காக அலைந்தே பொன்னான நேரத்தை இழக்க நேரிடும்.

பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கூர்மையான கழிவுகள் வெள்ளை நிறமுள்ள, துளைபடாத கொள்கலனுக்குள்தான் போக வேண்டும். முக்கால் பங்கு நிரம்பியதும் அதை மூடி அனுப்பிவிட வேண்டும். சாதாரணக் குப்பைப் பையில் நாம் போடும் ஊசி, அதைத் தூக்கிச் செல்லும் தூய்மைப் பணியாளரின் காலிலோ கையிலோதான் குத்தும். அது யாருக்குப் போட்ட ஊசி என்பது அவருக்கு ஒருபோதும் தெரியாது.

படி 1: கழுவுதல்

கையுறையைக் கழற்றிவிட்டு, காயம்பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரத்தத்தைப் பிதுக்கி வெளியேற்றக் கூடாது; விரலை வாயில் வைக்கக் கூடாது; ஸ்பிரிட், பிளீச்சிங் கரைசல், டெட்டால் போன்றவற்றை ஊற்றவும் கூடாது. பிதுக்கினால் கிருமி வெளியேறிவிடும் என்ற நம்பிக்கை வார்டுகளில் பிடிவாதமாக நிலைத்திருக்கிறது, ஆனால் அது காயத்தைச் சுற்றியுள்ள திசுவை நசுக்குவதைத் தவிர வேறு பயன் தராது. கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீராலோ சலைனாலோ நன்கு அலசுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருப்பவர்கள் அலசி முடிக்கும்வரை அதைக் கழற்ற வேண்டாம்.

படி 2: உடனே தெரிவித்தல்

பணி முடியட்டும் என்று காத்திருக்காமல், பொறுப்புச் செவிலியரிடமோ அவசரப் பிரிவு மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள். திட்டு விழும் என்ற அச்சத்தாலும், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தாலும் பலர் இந்தப் படியில்தான் தயங்கி நின்றுவிடுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனங்கள், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சி, தடுப்பு மருந்து ஆகிய மூன்றையும் பணியாளருக்கு அளிப்பதை மருத்துவ நிறுவனங்களின் கடமையாக்கியிருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகையன்று.

படி 3: முதல் மாத்திரை

மருத்துவர் காயத்தின் தன்மையையும் நோயாளியின் நிலையையும் பார்த்து மருந்து தேவையா என்று முடிவு செய்வார். நோயாளியிடம் பரிசோதனை செய்ய வேண்டுமானால் அவருடைய ஒப்புதல் கட்டாயம். அவருக்குத் தெரியாமல், ஏற்கெனவே எடுத்த இரத்தத்தில் சோதித்துப் பார்ப்பது சட்டத்துக்குப் புறம்பானது. தேவை இருப்பதாக மருத்துவர் கருதினால் நோயாளியின் பரிசோதனை முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அவருக்குத் தொற்று இல்லையென்று உறுதியானபின் நிறுத்திக்கொள்ளலாம். குத்திய ஊசியைப் பரிசோதனைக்கு அனுப்புவது வீண் வேலை.

முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் விழுங்கிவிடுவது நல்லது. 72 மணி நேரம் கடந்துவிட்டால் தொடங்குவதில் பயனில்லை. நம் நாட்டு அரசு மையங்களில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் ஒரே மாத்திரையாகக் கிடைக்கின்றன. நாளுக்கு ஒன்று வீதம் 28 நாட்கள் இடைவிடாமல் எடுக்க வேண்டும். குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு ஆகியவை தோன்றலாம். அதற்காகப் பாதியில் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்தை இதனுடன் சேர்த்து விழுங்கினால் டோலுடெகிராவிர் உடலில் சேர்வது குறையும். சிறுநீரகக் கோளாறோ, ஹெபடைடிஸ் பி-யோ, கர்ப்பமோ இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

படி 4: பரிசோதனைகள்

மருந்து தொடங்கும் நாளன்றே உங்கள் இரத்தத்தையும் எடுத்துவிட வேண்டும். பின்னாளில் தொற்று உறுதியானால், அது பணியின்போது வந்தது என்று காட்ட இந்த முதல் பரிசோதனை ஒன்றே சான்று. பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்திலோ உங்கள் மருத்துவமனையிலோ பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை இரத்த தானம் வேண்டாம்; உடலுறவில் ஆணுறை கட்டாயம். ஐயம் எழுந்தால் 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

விபத்துப் பதிவேட்டில் நேரம், இடம், கருவி, அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். ஒரே வார்டில் ஒரே காரணத்தால் ஊசிக்குத்து திரும்பத் திரும்ப நேர்கிறதா என்று நிர்வாகம் கண்டுபிடிப்பது அந்தப் பதிவுகளை வைத்துத்தான்.