மேட்ச் பார்த்தால் மேட்ச் ஆகவில்லை: ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரை நீங்களே தோண்டுவது எப்படி

குடியாத்தத்தில் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் பாட்டி முதலில் கேட்பது "வத்திப்பெட்டி எங்கடா?" என்றுதான். போன ஐபிஎல் சமயத்தில் அப்படி ஒரு ராத்திரி, டிவி அணைந்த கடுப்பில் இருந்த அக்கா மகள், செல்போன் வெளிச்சத்தில் தீப்பெட்டி மேல் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மாமா, மேட்ச்சும் போச்சு, கையில மேட்ச் பாக்ஸ்தான் மிச்சம். ரெண்டுக்கும் ஏன் ஒரே பேரு?" என்று கேட்டாள். தீப்பெட்டிக்கும் லுங்கிக்கும் பேர் போன ஊரில் பிறந்து வளர்ந்தவன், எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் நாலைந்து நாள் அதே வேலையாகத் திரிந்தேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், எந்தச் சொல்லை எடுத்தாலும் இதே வழி உதவும்.

முதல் வேலை, அகராதியைத் திறக்காமல் இருப்பது. ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அந்தச் சொல் உங்கள் காதில் விழும் இடங்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். என் சீட்டில் இருந்தவை: வேலூர் லாங்கு பஜாரில் புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு "இதுக்கு மேட்ச்சா ப்ளவுஸ் பிட் காட்டுங்க" என்று கேட்பது, வங்கியில் "கையெழுத்து மேட்ச் ஆகல" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளுவது, ஜாதகக் கட்டோடு வருகிறவர் "பொண்ணுக்கு நல்ல மேட்ச்" என்பது, கிரிக்கெட், தீப்பெட்டி. அப்புறம் ஆஸ்பத்திரி. இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது 1971-இல் வேலூர் சிஎம்சியில் என்பதால், "கிட்னி மேட்ச் ஆயிடுச்சா?" என்பதெல்லாம் இந்தப் பக்கம் டீக்கடைப் பேச்சு. ரத்தம் கொடுக்கப் போனாலும் கிராஸ் மேட்ச் என்பார்கள்.

இப்போது சீட்டில் இருப்பதைக் கூறு பிரியுங்கள். எது எதோடு ஒட்டும்? ப்ளவுஸ், கையெழுத்து, ஜாதகம், கிட்னி எல்லாவற்றிலும் "இதுவும் அதுவும் பொருந்துதா" என்ற ஒரே கேள்விதான். கிரிக்கெட் அதில் சேருமா என்று கொஞ்சம் இழுக்கும். தீப்பெட்டி எங்கேயும் ஒட்டாது.

ஒரே ஒலியில் பல பொருள் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒரே சொல் கிளைத்திருக்கலாம், நம் "திங்கள்" மாதிரி: நிலா, நிலா ஒரு சுற்றுச் சுற்றும் மாதம், நிலாவின் பெயரில் ஒரு கிழமை. இல்லையென்றால், எங்கோ தனித்தனியாகப் பிறந்த இரண்டு சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே மாதிரி ஆகியிருக்கலாம். இதற்கு "ஆறு" நல்ல உதாரணம். எண் ஆறும் பாலாறும் நம் வாயில் ஒன்றுதான், ஆனால் பழந்தமிழில் ஓடுகிற ஆற்றுக்கு "யாறு" என்ற வடிவம் இருக்கிறது, எண்ணுக்கு அப்படி இல்லை. அதுவும் போதாதென்றால் பக்கத்து மொழியைக் கேளுங்கள். சித்தூர்ப் பக்கம் போய்த் தெலுங்கில் கேட்டால் எண்ணுக்கு "ஆறு" போலவே ஒரு சொல் வரும், ஓடைக்கு "ஏரு" என்பார்கள். அங்கே பிரிந்து நிற்பது இங்கே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இந்த அக்கம்பக்கத்து வீட்டு விசாரணைதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

சரி, இனி அகராதியைத் திறக்கலாம். நல்ல ஆங்கில அகராதி எதுவானாலும் மேட்ச் இரண்டு இடத்தில் வரும், சொல்லின் தோளில் குட்டியாக 1, 2 என்று எண் போட்டு. பள்ளிக்கூடத்தில் அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் அந்தக் குட்டி எண்தான் முக்கியம்: இவை வேறு வேறு சொற்கள் என்று அர்த்தம். அதற்குக் கீழே வரிசையாக வருகிற பொருள்கள் ஒரே சொல்லின் கிளைகள். வரிசையையும் கவனியுங்கள். பெரிய ஆக்ஸ்போர்டு அகராதி பழைய பொருளை முதலில் வைக்கும், மாணவர்களுக்கான சின்ன அகராதிகள் அதிகம் புழங்குவதை முதலில் வைக்கும். இது தெரியாமல் முதலில் இருப்பதுதான் மூலப்பொருள் என்று நினைத்தால் கதை தலைகீழாகிவிடும். இன்னொன்று, வேர்ச்சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கண்ணால் பார்த்ததல்ல, அறிஞர்கள் கணக்குப் போட்டு எடுத்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சொற்பிறப்பு அகராதிகளிலும் இதே குறிகள்தான்.

பொருந்துகிற மேட்ச்சின் கதை நேரானது. பழைய ஆங்கிலத்தில் "மேக்கா" என்றால் துணை, ஜோடியில் ஒருவர், கணவன் அல்லது மனைவி. ஆங்கிலத்தில் செய்வதைச் சொல்கிற "மேக்" கூட இதற்குத் தூரத்து உறவு. ஆக ஜாதகக்காரர் சொல்வதுதான் எல்லாவற்றிலும் பழைய பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது! துணை என்றால் நமக்குச் சமமானவர். சுமார் 1300 வாக்கில் அது "எதிரே நின்று ஈடு கொடுக்கக் கூடியவன்" என்று திரும்பியது, 1540-களில் போட்டிக்கே பெயராகிவிட்டது. துணை எப்படி எதிரியானது என்று குழம்ப வேண்டாம். சேவல் சண்டையில் எடையும் உயரமும் பார்த்துச் சமமான சேவலைத்தானே எதிரே விடுவார்கள்? "ஈடு கொடுத்து ஆடினான்" என்று கபடிக்கு நாமே சொல்கிறோமே, அந்த ஈடும் சமம்தான். அதனால் கிரிக்கெட்டும் ப்ளவுஸ் பிட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

தீப்பெட்டி மேட்ச் வேறு வீடு. இது 14-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, அப்போது பொருள் விளக்குத் திரி. பிரெஞ்சில் இன்றும் "மெஷ்" என்றால் திரி, ஸ்பானியத்தில் "மெச்சா", இத்தாலியத்தில் வெடிக்கு வைக்கும் திரி "மிச்சா". அவற்றில் எதற்கும் பொருந்துவது, போட்டி என்ற வாடையே கிடையாது. அக்கம்பக்கத்து வீட்டு விசாரணை இங்கேயும் முடிந்துவிட்டது.

இன்னும் மேலே போனால் கிரேக்கத்தில் "மிக்ஸா" என்று ஒரு சொல்லில் கொண்டுபோய் விடுகிறார்கள். அகராதியே "இருக்கலாம்" என்று தயங்கித்தான் சொல்கிறது, அந்தத் தயக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸா என்றால் விளக்குத் திரி, அதற்கு முந்தைய பொருள் மூக்குச்சளி. விளக்கின் மூக்கிலிருந்து எண்ணெய் சொட்ட வெளியே தொங்குகிற திரி அவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. கெண்டிக்கு மூக்கு, குத்துவிளக்குக்கு ஐந்து முகம் என்று சொல்லுகிற நமக்கு இது ஒன்றும் அதிர்ச்சி இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு இடத்தில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இருக்கிறது, அதில் சும்மா பாட்டியின் "வத்தி"யைத் தேடினேன். வர்த்தி என்ற வடசொல்லிலிருந்து வந்தது, பொருள் திரி! மெழுகுவத்தி, ஊதுவத்தி எல்லாம் அதே வத்தி. பேர்ணாம்பட்டு நண்பன் வீட்டில் உருதில் விளக்கை "பத்தி" என்பார்கள், அதுவும் இந்த உறவுதான். ஆக, இங்கிலாந்தில் ஒரு சொல், குடியாத்தத்தில் ஒரு சொல், ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை, இரண்டும் குச்சி வந்தவுடன் திரியின் பெயரைத் தூக்கி அதன் தலையில் வைத்துவிட்டன. அதே உருதுக்காரர்கள் தீப்பெட்டியை "மாச்சிஸ்" என்பது மட்டும் நேராக ஆங்கில மேட்ச்சஸைக் கடன் வாங்கியது.

அடுத்து, பொருளின் வரலாற்றையும் சொல்லின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரசிப் பற்றவைக்கும் குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் விற்கத் தொடங்கியது 1827-இல். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806 ஜூலை 10 அன்று உலகத்தில் எவர் பையிலும் இந்த மாதிரித் தீப்பெட்டி இல்லை, ஆனால் மேட்ச் என்ற சொல் அங்கிருந்த ஆங்கிலேயர் வாயில் இருந்திருக்கும், ஏனென்றால் பீரங்கிப் படை நெருப்பு அணையாமல் வைத்திருந்த மெதுவாகக் கனலும் கயிற்றுத் திரிக்கும் அதே பெயர். திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கிக்கு மேட்ச்லாக் என்று பெயர் வந்ததும் அதனால்தான். கந்தகம் தோய்த்த கயிறு, கந்தகம் தோய்த்த சிராய் என்று 1530-லேயே சொல் நகர ஆரம்பித்துவிட்டது, 1830 வாக்கில் உரசும் குச்சியில் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச காலம் "லூசிஃபர்" என்ற பெயரும் அதோடு போட்டி போட்டுத் தோற்றது. பெட்டியின் ஓரத்தில் மட்டும் உரசிப் பற்றவைக்கும் பாதுகாப்புக் குச்சி சுவீடனில் 1844-இல் வந்தது. மருந்தின் ஒரு பகுதியைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் பூசிவிட்டார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வரும் சொற்பிறப்புக் கதைகளில் அழகாக இருப்பவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். நான்கு திசைகளின் முதலெழுத்தைச் சேர்த்துத்தான் "நியூஸ்" வந்தது என்று இன்னும் சுற்றுகிறது, அது வெறும் "நியூ"வின் பன்மை. நாளைக்கு யாராவது "மெச்சு" என்ற தமிழ்ச் சொல்தான் மேட்ச் ஆனது என்று கிளப்பினாலும் ஆச்சரியமில்லை. ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது, காலமும் வழியும் ஒத்துப்போக வேண்டும். கறி, சுருட்டு, கட்டுமரம், மிளகுத்தண்ணி எல்லாம் ஆங்கிலத்துக்குப் போனது உண்மை, ஆனால் அவை ஐரோப்பியர் கப்பலேறி நம் கரைக்கு வந்த பிறகு போனவை. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600-இல். மேட்ச் அதற்குப் பல நூறு வருஷம் முன்பே இங்கிலாந்தில் புழங்கிக்கொண்டிருந்தது.

கை பழக "பேங்க்" எடுத்துப் பாருங்கள். ஆற்றங்கரை, பணம் போடும் இடம், அகராதியில் இரண்டுக்கும் தனித்தனி எண். ஆனால் ஒன்று இத்தாலியில் காசு மாற்றுகிறவர்களின் மேசை வழியாகவும், இன்னொன்று வடக்கே ஸ்காண்டிநேவியா வழியாகவும் வந்திருந்தாலும், இன்னும் மேலே ஏறினால் இரண்டும் பெஞ்சுக்குச் சொந்தமான ஒரே ஜெர்மானிய வேர்க் குடும்பத்தில் போய்ச் சேரும். தனி எண் இருந்தாலும் கொள்ளுத்தாத்தா ஒருவராக இருக்கலாம்.

அக்கா மகளுக்கு இதை எல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். அவளுக்கு நினைவில் நின்றது சளி மட்டும்தான். இப்போது பாட்டி வத்திப்பெட்டி கேட்டால், இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கி வருகிறாள்.